அளந்த பூமி – 7: தூணைத் தேடி மலையேறுகிறவர்கள்

சென்ற வாரம் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சங்கிலி பிடித்து நடந்த வில்லியம் லாம்டனோடு நின்றோம். இந்தியாவை அளக்க 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கிய வேலை. ஏழரை மைல் கோடு. 57 நாள் உழைப்பு. அடுத்து அவரோடு தஞ்சாவூர் போகவேண்டும். போவதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். அளப்பவர் ஓர் அடையாளத்தைப் பதித்துவிட்டு அடுத்த குன்றுக்குப் போய்விடுகிறார். அவர் போன பிறகு அந்த அடையாளத்தைக் காப்பது யார்?

இந்தக் கேள்விக்கு மனநிறைவான பதில் ஒன்று பிரிட்டனின் மலை உச்சிகளில் கிடைக்கிறது. அதனால் இந்த வாரம் கடல் கடக்கிறோம்.

கோல்ட் ஆஷ்பி மேட்டில்

1936 ஏப்ரல் 18. இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் கோல்ட் ஆஷ்பி என்ற சிற்றூர். மலை என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. வயல்களுக்கு நடுவே ஒரு மேடு. அந்த மேட்டில் புதிதாகக் கட்டியிருந்த கான்கிரீட் தூணின் தலையில் தியோடலைட்டை ஏற்றிவைத்து அளவையாளர்கள் கோணம் பார்த்தார்கள். பிரிட்டன் தன்னை இரண்டாம் முறை முழுதாக அளக்கத் தொடங்கிய நாள் அது.

முதல் முறை அளக்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு அளவைத் துறை 1791இல் பிறந்தது. 1853 வரை நாடெங்கும் முக்கோணங்களைப் பின்னி முடித்தார்கள். அந்த வேலைக்கான பெரிய தியோடலைட்டைச் செய்து கொடுத்தவர் லண்டன் கருவிக் கலைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன். லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் விரித்த நூறடி எஃகுச் சங்கிலியும் இதே ராம்ஸ்டன் பட்டறையில் செய்ததுதான். சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் ஏற்காததால் திரும்பி, கடைசியில் சென்னை மண்ணில் விழுந்த சங்கிலி அது. ஆக, இரண்டு நாடுகளின் அளவைக்கும் தாய்வீடு ஒன்று.

முதல் அளவையில் ஒரு குறை இருந்தது. பல மாவட்டங்களின் வரைபடங்கள் தனித்தனி மையத் தீர்க்கரேகையை வைத்து வரையப்பட்டவை. பக்கத்து மாவட்டத் தாளை ஒட்டிப் பார்த்தால் ஓரத்தில் சாலையும் ஓடையும் சேரவில்லை. பழைய புள்ளிகள் பல மண்ணுக்குள் தொலைந்திருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே கட்டவலை வேண்டும் என்றால் புள்ளிகளை முதலிலிருந்து நிறுத்தியாக வேண்டும். அந்தப் பொறுப்பு மார்ட்டின் ஹாட்டீன் என்ற ராணுவப் பொறியாளரிடம் வந்தது.

நான்கடித் தூண்

ஹாட்டீன் எடுத்த முதல் முடிவு, புள்ளி கண்ணுக்குத் தெரிய நிற்கவேண்டும் என்பது. அதுவரை அளவைப் புள்ளி என்பது பெரும்பாலும் மண்ணுக்குள் புதைத்த கல். அதன்மேல் முக்காலி விரித்து, கருவியின் மையமும் கல்லின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் வரும்வரை அசைத்து அசைத்துச் சரிசெய்ய வேண்டும். சதுப்பில் முக்காலி அமிழும். உச்சிக் காற்றில் ஆடும். அடுத்த முறை வருபவர் அதே மையத்தைத் துல்லியமாகப் பிடித்தாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதற்கு ஹாட்டீன் கண்ட தீர்வு ஒரு தூண். சுமார் நான்கடி உயரம். அடியில் இரண்டடிச் சதுரம். மேலே போகப்போகக் குறுகி உச்சியில் 14 அங்குலம். பக்கத்தில் போய் நின்று அதன் தலையைத் தடவிப் பார்த்தால் கான்கிரீட்டில் பதித்த ஒரு பித்தளை வட்டு விரலில் படும். நடுவிலிருந்து மூன்று பள்ளங்கள், ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி ஓடும். தியோடலைட்டின் மூன்று கால்களும் அந்த மூன்று பள்ளங்களில் உட்கார்ந்துவிட்டால் கருவியின் மையம் தானாகவே தூணின் மையத்துக்கு வந்துவிடும். இன்று வைத்தாலும் பத்தாண்டு கழித்து வைத்தாலும் அதே இடம். தூணின் அடியில் மண்ணுக்குள்ளும் ஒரு குறி உண்டு. தூண் இடிந்து போனாலும் புள்ளி போகாது. பக்கவாட்டில் ஓர் உலோகத் தகடு. அதில் அம்புக்குறியும் தூணுக்குரிய எண்ணும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

மூன்று பள்ளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இந்தத் தூணைக் கட்டியவர்கள் திரும்பி வருவதை மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். முதலில் வருபவருக்கும் பின்னால் வருபவருக்கும் ஒரே பீடம்.

இப்படி 6,500க்கும் மேற்பட்ட தூண்கள் எழுந்தன. சிமென்ட், மணல், தண்ணீர் எல்லாம் மலைமேல் போகவேண்டும். வண்டி போகும்வரை வண்டி, பிறகு குதிரை, அதற்கும் மேலே ஆள் முதுகு. சுமந்து மாளாத உச்சிகளில் அங்கே கிடந்த கல்லையே அடுக்கிக் கட்டினார்கள். மிக உயர்ந்தது ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில், 1,345 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிழக்கு இங்கிலாந்தின் தாழ்நிலத்தில் கடல்மட்டத்துக்கும் கீழே நிற்கும் தூணும் உண்டு. ஒரு தூணிலிருந்து பார்த்தால் குறைந்தது இரண்டு தூண்களாவது தெரியவேண்டும் என்பதே இடம் தேர்ந்ததன் கணக்கு.

நீண்ட தூரக் கோணங்களுக்கு இரவுதான் ஏற்ற நேரம். பகல் வெயிலில் தரையோரக் காற்று அலைபாய்ந்து தொலைப்புள்ளியை நடுங்க வைக்கும். இரவில் ஓர் உச்சியில் விளக்கேற்ற, இன்னோர் உச்சியில் கருவி அதைப் பிடிக்கும். விளக்குக்காரர்கள் கூடாரமடித்து மூடுபனி விலகக் காத்துக் கிடந்தார்கள். நம் நாட்டில் லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் நூறாண்டுக்கு முன்பே கையாண்ட முறை இது.

நடுவில் உலகப் போர் குறுக்கிட்டது. 1962இல் வேலை முடிந்தது. நாட்டின் முழு நீளத்துக்கும் சுமார் 20 மீட்டருக்குள் துல்லியம். சில பத்தாண்டுகளில் செயற்கைக்கோள் வந்து அந்தக் கணக்கை மில்லிமீட்டருக்கு இறக்கியது. தூண்களுக்கு வேலை போயிற்று.

ஒரு வாளி, ஒரு நோட்டு

தூண்களின் வேலையைப் பறித்த அதே செயற்கைக்கோள்தான் அவற்றிடம் மனிதர்களைத் திருப்பி அனுப்பியது என்பது இந்தக் கதையின் அழகான பகுதி.

அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். குறிகளைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம். ஆனால் அவர்களுக்குப் போகும் குறியில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. கையிலிருக்கும் கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் அரசு அந்தப் பிழையை நீக்கியது. ஒரே இரவில் கருவிகள் பத்து, இருபது மீட்டருக்குள் இடம் சொல்லத் தொடங்கின. மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கணினி வல்லுநர் ஒரு கறுப்பு வாளியில் நோட்டும் பென்சிலும் சில பொருள்களும் வைத்துக் காட்டோரத்தில் மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியிட்டார். எடுப்பவர் ஏதாவது எடுக்கலாம், ஏதாவது வைக்கவேண்டும், நோட்டில் எழுதவேண்டும். மூன்று நாளுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜியோகேச்சிங் பிறந்தது.

மலையில் பதிவேடு வைக்கும் பழக்கத்துக்கு அதைவிட மூத்த முன்னோடி ஒன்று இருக்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு மேட்டில் கிரான்மியர் பூல் என்று ஒரு பாழிடம். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். சேற்றில் நடந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் பாட்டில் இருந்த இடத்துக்குப் பதிவேடு வந்தது. டார்ட்மூர் முழுக்க அப்படிப் பெட்டிகள் பெருகின.

வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகும் ஆசை எல்லா ஊர் மனிதருக்கும் உண்டு. நம் குன்றுகளில் சமணப் படுகைகளுக்குப் பக்கத்துப் பாறையில் பெயின்ட் பெயர்களைப் பார்த்து மனம் கசந்தவர்கள் நாம். அதே ஆசைக்கு ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டால் பாறை தப்பிக்கிறது. பெரட் வைத்த பாட்டிலை அந்த வகையில் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்வேன்.

நோட்டில் என்ன எழுதுகிறார்கள்?

ஜியோகேச்சிங், மலைப் பதிவேடு என்ற இந்த இரண்டு ஆறுகளும் பிரிட்டனில் கான்கிரீட் தூணடியில் கலந்தன. தூணைத் தேடிப் போவதே ஒரு பொழுதுபோக்காயிற்று. தூணைச் சுற்றியுள்ள கற்குவியலில் சிறு டப்பா மறைத்து வைப்பவர்கள் உண்டு. டப்பாவே இல்லாத இடத்தில் தூணே புதையல். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று, பக்கத்துத் தகட்டிலுள்ள எண். அதைக் குறித்து வந்து பதிவு செய்தால்தான் கணக்கில் சேரும். வீட்டிலிருந்தபடி ஊகிக்க முடியாது. குனிந்து, பாசியைத் துடைத்து, கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பதிவில் தேதி, வானிலை, வந்த வழி இருக்கும். கூடவே தூணின் உடல்நிலையும் இருக்கும். நன்றாக இருக்கிறது, லேசாகச் சிதைந்திருக்கிறது, சாய்ந்துவிட்டது, காணவில்லை. கடலோரப் பாறை இடிந்து தூண் கீழே விழுந்திருந்தால் அதைச் சொல்வார்கள். சதுப்புக் கரிமண் அரித்துப் போய் அடித்தளம் வெளியே தெரிந்தால் அதைச் சொல்வார்கள். உழவர் நிலத்தைத் திருத்தும்போது எடுத்துவிட்டிருந்தால் அதையும் சொல்வார்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்ற பதிவுக்கும் இந்த விளையாட்டில் மரியாதை உண்டு. ஒருவர் எழுதினால் அவர் கண்ணில் படவில்லை என்று கொள்ளலாம். அடுத்தடுத்து மூவர் எழுதினால் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். தோல்வியை ஒளிக்காமல் எழுதுவதால்தான் மொத்தப் பதிவேடும் நம்பத்தக்கதாகிறது.

ஒருவர் 13 ஆண்டுகள் நடந்து, எஞ்சியிருந்த 6,190 தூண்களையும் தொட்டு 2016இல் முடித்தார். மற்றவர்கள் வார விடுமுறையில் ஒன்றோ இரண்டோ பார்ப்பவர்கள். இவர்கள் எல்லோரும் எழுதியதைச் சேர்த்தால் ஒரு நாட்டின் அளவைத் தூண்கள் ஒவ்வொன்றின் நிலையும் ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. சம்பளம் வாங்காத காவலர்கள் எழுதிய பதிவேடு. முதலில் எழுப்பிய கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்: புள்ளியைக் காப்பது, அதைத் தேடி வரும் கால்.

நம் கிராமக் கணக்கில் இருந்தது

இது நமக்கு அந்நியமான சிந்தனையா? இல்லவே இல்லை. புல எல்லைக் கற்களைப் பார்வையிடுவது, காணாமற்போன கல்லைப் பற்றி மேலே எழுதுவது, இவை நம் கிராம நிர்வாக அலுவலரின் கடமைகளில் சேர்ந்தவை. அதற்கு முன் மணியக்காரரும் கணக்கரும் செய்த வேலை. குன்றின்மேல் இருந்த பெரிய முக்கோண அளவைப் புள்ளிகளையும் பக்கத்துக் கிராமத்து அதிகாரியின் பொறுப்பில் ஒப்படைத்துப் போவதே அந்தக்கால வழக்கம். கல்லைப் போய்ப் பார், பார்த்ததை எழுது என்பது நம் வருவாய்த் துறையின் பழைய பாடம்.

நம் குன்றுப் புள்ளிகள் பிரிட்டனின் தூண்போல நிமிர்ந்து நிற்பவை அல்ல. பாறையிலோ மேடையிலோ செதுக்கிய ஒரு சிறு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, பெரும்பாலும் அவ்வளவுதான். கொடிக்கம்பம் நட, செல்போன் கோபுரம் எழுப்ப, கோயில் மண்டபத்தை விரிவாக்க ஒரு பாறை தேவைப்படும்போது அந்த வட்டம் என்னவென்று தெரிந்தவர் அங்கே இருப்பதில்லை. வேண்டுமென்று அழிப்பவர் குறைவு. தெரியாமல் அழிவதே அதிகம்.

இந்தக் கட்டுரைக்காகப் பரங்கிமலை ஏறினேன். மாதா கோயில் வாசலில் நல்ல கூட்டம். கீழே மீனம்பாக்கத்தில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. லாம்டனின் மார்பளவுச் சிலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. ஒன்பது, பத்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி அப்பாவிடம், "இவர் யாருப்பா?" என்று கேட்டாள். அவர் பலகையைப் படித்துவிட்டு, "இங்கேருந்துதான் இந்தியாவை அளக்க ஆரம்பிச்சாராம்மா" என்றார். அவள் கடற்கரைப் பக்கம் ஒரு தரம், தாம்பரம் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எங்கேருந்து? சரியா எந்த இடம்?" என்றாள்.

அந்த 'சரியா எந்த இடம்' என்ற சொல்லில்தான் லாம்டனின் 57 நாளும் ஹாட்டீனின் மூன்று பள்ளங்களும் இருக்கின்றன.

அடுத்த முறை குன்றேறும்போது உச்சிப் பாறையை ஒரு சுற்றுப் பாருங்கள். செதுக்கிய வட்டமோ பழைய மேடையோ தெரிந்தால் அதன்மேல் எதையும் எழுதாதீர்கள், சுரண்டாதீர்கள். படம் எடுங்கள். தேதி, குன்றின் பெயர், கல்லின் நிலை, இந்த மூன்றையும் உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள். போன வருடம் பார்த்த கல் இந்த வருடம் இல்லையென்றால் அதையும் குறியுங்கள். பத்துப் பேர் பத்துக் குன்றில் இப்படிச் செய்தால் பதிவேடு தொடங்கிவிட்டது.

(அடுத்த வாரம்: 1808, தஞ்சைப் பெரிய கோயில். அரை டன் தியோடலைட் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கயிறு அறுகிறது.)