கண்ணமுக்கத்தைக் கண்டறிந்த வரலாறு

நோய் வந்தால் உடல் தானே அறிவிக்கும் என்பது மக்களின் நெடுநாள் நம்பிக்கை. காய்ச்சல் சுடும், புண் நோகும். ஆனால், கண்ணினுள்ளே அமுக்கம் மிகுவதால் விளையும் கிளக்கோமா என்னும் நோய் பெரும்பாலும் அவ்வாறு அறிவிப்பதில்லை. அது வலியின்றி வந்து, பார்வையின் ஓரங்களைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து செல்லும். நடுப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருத்தலின் இழப்பு எளிதிற் புலப்படாது. புலப்படும்போதோ, இழந்தது மீளாது. இந்நோயின் இயல்பை மருத்துவ உலகம் உணர்ந்து கொள்ள ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

பண்டைக் கிரேக்கத்தில் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள், முதியோர்க்கு வரும் நோய்களுள் ஒன்றாகக் 'கிளவ்கோசிஸ்' என்பதைக் குறித்தன. கண்மணி நீலப்பச்சை நிறங்கொள்வதால் வந்த பெயர் அது. எனினும் கண்புரையும் இந்நோயும் நெடுங்காலம் பிரித்தறியப்படவில்லை. 1705 இல் பிரெஞ்சு வைத்தியர் பிரிசோ, இறந்த படைவீரன் ஒருவனின் கண்ணை அறுத்துப் பார்த்து, புரை என்பது வில்லையே மங்குதல் என்று காட்டினார். புரையின் இடம் தெளிவான பின்னரே, குருட்டுக்கு வேறு காரணமும் உண்டென்ற எண்ணம் வலுப்பெற்றது.

அதற்கும் முன்னரே, 1622 இல், இங்கிலாந்தின் கண் வைத்தியர் றிச்சட் பனிஸ்டர் அரியதொரு குறிப்பை எழுதி வைத்தார். இமைமேல் விரல் வைத்துத் தடவும்போது கண் இயல்புக்கு மீறிக் கடினமாயிருப்பின், அக்கண் குணமாகாது என்பதே அக்குறிப்பு. 1830 இல் கிளாஸ்கோ நகரத்து வில்லியம் மக்கென்சியும் தம் நூலில் இக்கடினத்தை வலியுறுத்தினார்.

கண் ஏன் கடினமாகிறது? கதிராளிக்குப் பின்னே தெளிந்த நீர் இடையறாது சுரக்கின்றது. அது கண்மணி வழியாக முன்னே வந்து, கதிராளியும் விழிவெண்படலமும் கூடும் மூலையிலுள்ள நுண்ணிய வடிகாலில் வெளியேறுகின்றது. வாய்க்கால் அடைபட்டால் குளம் நிரம்புவது போல, வடிகால் தடைப்பட்டால் அமுக்கம் ஏறும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம் அவ்வமுக்கத்தைத் தாங்கமாட்டாது. நரம்பிழைகள் மெல்ல மடியும்.

இம்மடிவைக் கண்ணாற் காணும் வழியை 1851 இல் ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் திறந்தார். உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை அவர் வெளியிட்டார். பேர்லின் நகரத்து கிராபே அக்கருவியாற் பார்த்து, நரம்பின் முகப்பு புடைத்திருப்பதாக முதலில் எண்ணினார். பின்னர் அது குழிவே எனத் தெளிந்து தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். 1857 இல், கதிராளியில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து அமுக்கத்தைத் தணிக்கும் சத்திரசிகிச்சையையும் அவரே அறிவித்தார். 1862 இல் ஒல்லாந்து அறிஞர் டொண்டேர்ஸ், வலியும் சிவப்பும் இன்றி வரும் வகையை வேறு பிரித்துக் காட்டினார். 1889 இல் டென்மார்க்கின் பியெரும், தம் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாகக் கொண்டு பார்வைப் பரப்பின் குறைகளை அளந்தார்.

1876 இல் லக்குவேர் என்னும் வைத்தியர், மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து பெற்ற மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்தினார். அவரும் இந்நோயால் வருந்தியவரே. 1905 இல் நோர்வே நாட்டு ஷியோட்ஸ் செய்த கருவி, விரலின் ஊகத்தை எண்ணாக மாற்றியது. 1819 இல் தோன்றிய சென்னை அரசினர் கண் வைத்தியசாலையில், 1909 ஆம் ஆண்டளவில், றொபேட் ஹென்றி எலியட் கண்ணின் வெண்படலத்தில் நுண்துளையிட்டு நீரை வடிக்கும் முறையை வளர்த்தார். சென்னையிற் பிறந்த அம்முறை உலகெங்கும் பரவிற்று. 1968 இல் கேம்பிறிட்ஜின் கெயர்ன்ஸ் வகுத்த முறை பின்னர் அதனிடத்தைப் பெற்றது.

அமுக்கம் பொதுவாக 10 முதல் 21 வரை இரச மில்லிமீற்றர் இருக்கும். ஆயினும் எண் ஒன்றே நோயாகாது. அமுக்கம் மிகுந்தும் நரம்பு கெடாதவர் 1,636 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2002 இல் முடிவுகளை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் மருந்து பெறாதோருள் 9.5 வீதத்தினரையும், மருந்து பெற்றோருள் 4.4 வீதத்தினரையும் நோய் பற்றியது. அமுக்கம் மிகுந்தோர் யாவரும் பார்வை இழப்பதில்லை. ஆயின் அமுக்கத்தைத் தணித்தல் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும். மறுபுறம், இயல்பான அமுக்கத்திலும் சிலர்க்கு நரம்பு கெடுவதுண்டு.

ஆகவே அமுக்கத்தை அளத்தல், நரம்பைப் பார்த்தல், பார்வைப் பரப்பைச் சோதித்தல் ஆகிய மூன்றும் வேண்டும். நாற்பது வயது கடந்தோரும், பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் உள்ளோரும், குறையொன்றும் தோன்றாதபோதே சோதித்துக் கொள்ளுதல் நன்று. கண் சிவந்து, கடுமையாக நொந்து, விளக்கைச் சூழ வானவில் வளையம் தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. பனிஸ்டரின் விரல் கடினத்தை உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது. இன்றோ காலம் கடக்குமுன் அறியும் வழி உண்டு. அவ்வழியை நாடிச் செல்வதே எஞ்சியுள்ள கடமை.