360 டாலரும் ஒரு சாய்வு நாற்காலியும்

பார்லர் வைக்க என்ன வேணும்னு கேட்டா, நம்ம குழுக்களில் உடனே வரும் பதில், "கடைக்கு அட்வான்ஸ் வேணும்." 130 வருஷத்துக்கும் மேலாக முன்னால் மார்த்தா மாடில்டா ஹார்ப்பருக்கும் இதே கவலைதான்.

1857-இல் கனடாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சுமார் 25 வருஷம் அடுத்தவர் வீட்டில் உழைத்துச் சேர்த்தது 360 டாலர். அதை வைத்து 1888-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பெண்களுக்கான கூந்தல் நிலையம் திறந்தார். வசதியான பெண்கள் வீட்டுக்கே ஆள் வரவழைத்துத் தலை அலங்காரம் செய்துகொண்ட காலம் அது. கட்டட உரிமையாளர் இடம் தரத் தயங்கினார். வக்கீல் பேசித்தான் இடம் கிடைத்தது.

பக்கத்து அறையில் இசை வகுப்பு. பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாய்மார்களை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவர்களே வாடிக்கையாளர்கள் ஆனார்கள். தலை அலசும்போது கண்ணில் சோப்பு படாதபடி, பின்னால் சாயும் நாற்காலி அமைத்தார். விளம்பரம்? தரை தொடும் அவரது கூந்தலேதான்.

1891 முதல், தன் பெயரில் கடை நடத்தும் உரிமையைத் தன்னைப்போல் உழைத்துப் பிழைத்த பெண்களுக்குத் தந்தார். பயிற்சியும் கொடுத்தார். ஒரு கட்டத்தில் 500 கடைகள்!

கடன் கேட்டு எழுதும்போது அட்வான்ஸ், நாற்காலி, கண்ணாடின்னு கணக்குப் போடுறோம். பயிற்சிக்கும் ஒரு வரி ஒதுக்குங்க, அக்கா. நாளைக்கு இன்னொருத்திக்குக் கத்துக்கொடுக்க அதுதான் உதவும்.