தேசவழமையும் சொல்லின் அதிகாரமும்

மொழி யதார்த்தத்தைப் பிரதிபலிக்கின்றதா, அன்றி ஆக்குகின்றதா என்னும் வினா சமூகவியலுக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் பொதுவானது. சமூக யதார்த்தம் மனிதராற் கட்டமைக்கப்படுவது என்றும் அதில் மொழிக்குத் தலையாய பங்குண்டு என்றும் பீட்டர் பேர்கரும் தோமஸ் லுக்மனும் 1966இல் வாதிட்டனர். பின்வந்தோருட் சிலர், மொழிக்கு அப்பால் யதார்த்தமே இல்லை என்னும் எல்லைவரை சென்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சாதி வரலாறு இவ்வாதத்துக்கு ஏற்ற உரைகல்லாகும்.

ஒல்லாந்தக் கும்பனியின் தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் இப்பிரதேச வழக்காறுகளைத் தொகுத்தார். ஒல்லாந்த மொழியிலிருந்த அத்தொகுப்பு தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரின் ஒப்புதலைப் பெற்றது. தேசவழமை எனப்படும் அது, முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய சொத்து வகைகளோடு, கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என அடிமைகளையும் வகைப்படுத்தியது. ‘வழமை’ என்ற சொல் தேசம் முழுவதன் குரல்போல ஒலிக்கின்றது. ஆயின் ஒப்புதலளித்தோர் முதலிமார். அடிமை எனப்பட்டோர் அவருள் இலர். நடைமுறையில் நிலவிய ஆதிக்கம் எழுத்தில் உறைந்து, 1806இல் ஆங்கிலேயராலும் சட்ட வலுவுடையதாக ஏற்கப்பட்டது. சொல் இங்கே அடிமைத்தனத்தைப் படைக்கவில்லை. இருந்ததற்கு நீதிமன்றத்தையும் தண்டனையையும் துணை சேர்த்தது.

மொழியே யதார்த்தத்தின் மூலமெனின், சட்டத்திலிருந்து சொல்லை நீக்கியதும் உறவும் மறைந்திருத்தல் வேண்டும். 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை ஒழித்தது. நிலமும் கிணறும் கோயிலும் பழைய கைகளிலேயே எஞ்சின. ஆகவே, ‘அடிமை’ என்னும் சட்டச்சொல் மறைந்த பின்னரும் ‘நயினார்’ என்ற விளி வாழ்ந்தது. முதியவரையும் ‘நீ’ என விளிக்கும் உரிமை மேற்சாதிச் சிறுவனிடமே இருந்தது. தேசவழமையில் அடிமைப் பகுதி வழக்கொழிந்தது; சொத்துப் பகுதியோ திருத்தங்களுடன் இன்றும் நீதிமன்றங்களில் நடைமுறையிலுள்ளது.

எனினும் மொழியை வெறும் நிழலெனத் தள்ளுவதும் பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் ‘குடிமக்கள்’ என்போர் வண்ணார், அம்பட்டர் முதலிய தொழிற்சாதியினர். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதே சொல் அரசியல் உரிமையுடைய பிரசைகளையும் சுட்டலாயிற்று. ஒரு சொல்லுக்குள் இரு சமூக அமைப்புகள் மோதின. சொல் வர்க்கப் போராட்டத்தின் களம் என்ற வொலோஷினோவின் 1929ஆம் ஆண்டுக் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், முற்போக்கு எழுத்தாளர் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். விவாதம் இலக்கணம் பற்றியதாகத் தோன்றினும், எவருடைய வாழ்வு இலக்கியமாகலாம் என்பதே அதன் உட்பொருள். அப்பெயரிடலை முறியடித்தது இலக்கிய வாதம் மட்டுமன்று. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், தேநீர்க்கடைப் பிரவேசங்கள், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியன அதன் அடித்தளத்தை அசைத்தன. அவ்வியக்கத்தில் நின்ற கே. டானியல் 1972இல் தம் நாவலுக்குப் ‘பஞ்சமர்’ எனப் பெயரிட்டார். இழிவுச்சொல் குற்றச்சாட்டாக மாறிற்று.

சொற்கள் யதார்த்தத்தை உருவாக்குவது, உடைமையும் அதிகாரமும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும்போதே. அவ்வதிகாரத்தை எதிர்த்து மக்கள் திரளும்போது அதே சொற்கள் கைமாறுகின்றன. பெயரை மாற்றி நிலத்தையும் கோயிற் கதவையும் முன்போலவே விட்டுவிடும் சீர்திருத்தம், 1844இன் அனுபவத்தையே மீண்டும் தரும்.