கறுத்த கல்லும் ஓர் எண்ணும்

ஹல்துமுல்லையிலிருந்து மேற்கே மலை இறங்கிச் செல்வோர் பலாங்கொடையை அடைவர். அப்பகுதியின் மணிக்கற் குழிகளில் நீலமும் புஷ்பராகமும் தேடிச் சரளையை அரிக்கும்போது, சில வேளைகளில் கறுத்த, மிகக் கனமான சிறு சதுரக் கற்கள் கூடையில் தங்கும். மோதிரத்துக்கு உதவாத கற்கள். ஆனால் அவற்றின் வரலாறு நீலக்கல்லின் வரலாற்றினும் சுவையானது.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலைமேதையென்று பின்னாளில் உலகம் போற்றிய அதே பெரியார்தாம். அவருடைய ஆய்வின் வழியே அக்கல் இலண்டனுக்குச் சென்றது. அதில் பெரும்பகுதி தோரியம் என்று கண்ட டன்ஸ்டன், 1904இல் அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார். மறு ஆண்டே, இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பயின்ற ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த பொருளில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார்.

தோரியம் தானே அணு உலையில் எரியாது. அதன் அணுக்கரு ஒரு நியூத்திரனைக் கவர்ந்துகொண்டு, புரோட்டாக்டினியமாகி, பின்னரே எரியக்கூடிய யுரேனியம் 233 ஆகிறது. ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கின்றன: நியூத்திரனைக் கவரும் வாய்ப்பு எவ்வளவு? அவ்வாய்ப்பை ஓர் இலக்கின் பரப்பாக உருவகித்துக் குறுக்குவெட்டு என்பர். தொலைவிலுள்ள பலாப்பழத்தைக் கல்லால் அடிப்பது எளிது. நெல்லிக்காயை அடிப்பது அரிது. இதன் அலகு பார்ன். தானியக் களஞ்சியம் என்று பொருள். 1942இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வேடிக்கையாக இட்ட பெயர் அது. மெதுவாகச் செல்லும் நியூத்திரனுக்குத் தோரியத்தின் கவர்பரப்பு ஏறத்தாழ 7.4 பார்ன். சாதாரண யுரேனியம் 238க்கோ 2.7 மட்டுமே.

இடர்ப்பாடு இடைநிலையில் இருக்கிறது. புரோட்டாக்டினியம் 233 பாதியாகக் குறைய 27 நாட்கள் வேண்டும். அதற்குள் அது ஏறத்தாழ 40 பார்ன் பரப்புடன் இன்னொரு நியூத்திரனை விழுங்கிவிடலாம். அப்பொழுது நியூத்திரனும் நட்டம். பிறக்கவிருந்த எரிபொருளும் நட்டம். எவ்வளவு நட்டமென்று அறியாமல் உலையை வரைய இயலாது. அத்தனிமத்தின் நீண்ட ஆயுளுடைய வடிவத்தை 1918இல் லீசே மைட்னருடன் சேர்ந்து அறிவித்தவரும் நம் பழைய ஹானே!

இவற்றை அளப்பது எளிதன்று. நியூத்திரனைக் கவர்ந்த கரு காமாக் கதிரை வீசும். அதை எண்ண வேண்டும். ஆனால் மாதிரிப் பொருள் தானாகவே ஓயாமல் கதிர் வீசிக்கொண்டிருக்கிறது. சந்தை இரைச்சலில் ஒருவன் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது அது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெனீவாவின் சேர்ன் நிலையத்தில் நியூத்திரன்களை ஏறத்தாழ 185 மீற்றர் தூரம் ஓடவிட்டு, ஓடிய நேரத்தால் அவற்றின் ஆற்றலை அறிந்து, தோரியத்தின் கவர்பரப்பைப் புதிதாக அளந்தார்கள்.

தமிழகத்துக் கல்பாக்கத்தில், யுரேனியம் 233ஐயே எரிபொருளாகக் கொண்ட காமினி என்னும் சிற்றுலை 1996 அக்டோபர் 29இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 30 கிலோவாற்று வெப்பம். ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்புக்கும் போதாது.