பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய கதை



கோலாலம்பூருக்குப் போய் வந்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு பெரிய வீதிக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். "யாருப்பா அந்தச் சம்பந்தன்?" என்று பிள்ளை கேட்டால், "பழைய மந்திரி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். மந்திரிதான், மறுக்கவில்லை. 1955-இல் தொழிலாளர் அமைச்சர், பிறகு சுகாதார அமைச்சர், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சர். ம.இ.கா.வுக்கு 1955 முதல் 1973 வரை தலைவர். இதெல்லாம் ஏடுகளில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது பத்து வெள்ளிக் கதை.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பிறந்தவர் அவர். தந்தையார் வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து, அந்த வட்டாரத்தில் ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளில் ஒருவர். நம்மில் பலருடைய பாட்டன்மார் ஒரு துணி மூட்டையோடு கப்பலேறி வந்து லயத்தில் குடியேறினார்கள். வீராசாமியார் வீட்டுப் பிள்ளையோ நிலபுலத்தோடு பிறந்த பிள்ளை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிள்ளைக்குத் திருஞானசம்பந்தன் என்று பெயர் வைத்தார் தந்தை. சீர்காழியில் மூன்று வயதில் உமாதேவியாரிடம் ஞானப்பால் உண்டவர் என்று சைவர்கள் போற்றும் நாயனாரின் பெயர் அது. வளர்ந்து வாழ்க்கைத் துணையாகக் கைப்பிடித்த அம்மையாரின் பெயரும் உமாசுந்தரி என்று அமைந்தது! பெயர்ப் பொருத்தம் பார்க்கிறவர்கள் மகிழ்ந்து போவார்கள்.

கோலகங்சாரில் ஆங்கிலப் பள்ளிப் படிப்பு. பிறகு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு. தில்லைக் கோயிலின் நிழலில் தமிழும் சைவமும் செழித்த இடம் அது. காந்தியடிகளின் இயக்கம் மாணவர்களை உலுக்கிக் கொண்டிருந்த காலம். போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர் கையில் பட்டம் இருந்தது, உடம்பில் வேட்டியும் ஜிப்பாவும் இருந்தன. 1954-இல் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியை அவர் எழுப்பினார். அதற்குத் தம் பெயரையோ தந்தை பெயரையோ வைக்கவில்லை. மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயரிட்டார். பண்டித நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார்.

இனி, நம் தோட்டத்துக் கதைக்கு வருவோம்.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. அந்த மகிழ்ச்சியோடு ஒரு பயமும் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கிய வியாபாரிகளோ அவற்றைத் தோட்டமாக வைத்திருக்கவில்லை. கேக்கை அறுப்பது போல் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று அறுத்து ஆளுக்கொரு துண்டாக விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றார்கள். பத்து ஏக்கர்க்காரனுக்கு எதற்கு நூறு ஆள்? எதற்கு லயம்? ஆயாக் கொட்டகை எதற்கு, டிரெசர் எதற்கு? தோட்டம் துண்டானால் போவது வேலை மட்டும் அல்ல. குடியிருந்த வீடு போகும். மாரியம்மன் கோயில் நின்ற நிலமும் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி நின்ற நிலமும் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்ததால் அவையும் ஆட்டங்காணும். காலையில் பெரட்டுக்குப் போகிறவன் மனத்தில், "அடுத்த மாசம் இந்த லயத்துல இருப்போமா?" என்ற கேள்வி.

அமைச்சராக இருந்தவர் சட்டம் பேசியே காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் சொன்ன வழி வேறு. தோட்டம் விலைக்கு வருகிறதா? நாமே வாங்குவோம்! யார் பணத்தில்? தொழிலாளி பணத்தில்தான். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

பத்து வெள்ளி என்றால் இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு என்று சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. அன்று பால்மரம் வெட்டியவருக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்தக் கூலியிலிருந்து பத்து வெள்ளி எடுத்துக் கொடு என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். எடுத்துக் கொடுக்க அதைவிடப் பெரிய நம்பிக்கை வேண்டும். ஏமாந்து ஏமாந்து பழகிய சனம் அல்லவா நாம்!

அந்த நம்பிக்கையைத் தேடித்தான் அவர் தோட்டந் தோட்டமாகப் போனார். தனியாகப் போகவில்லை. துணைவியார் உமாசுந்தரி அம்மையாரும் உடன் போனார். கணவனும் மனைவியுமாக வந்து நின்று பேசினால் லயத்துப் பெண்களும் தைரியமாக முன்னால் வந்து கேட்பார்கள். கூலிப் பணத்தை எண்ணிச் செலவு செய்கிற கை பெண்ணின் கையாயிற்றே! குடும்பத்தையும் பொதுத் தொண்டையும் இரண்டு பெட்டியில் பூட்டி வைக்காத மனிதர் அவர் என்று நான் எண்ணுவது இதனால்தான்.

சங்கம் முதன்முதலாக வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம். ஒன்று பலவாயிற்று. அவர் காலமானபோது சங்கத்தின் கையில் இருந்த தோட்டங்களின் எண்ணிக்கை இருபதை நெருங்கியிருந்தது. உறுப்பினர்கள் 80,000 பேருக்கும் மேல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அது பொய். துண்டாடப்பட்ட தோட்டங்கள் அத்தனையையும் சங்கம் வாங்கிவிட முடியவில்லை. எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சங்கத் தோட்டத்திலும் பங்குக்காரர் விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டத்தான் போனார். சம்பந்தனார் மிதவாதி, இன்னும் உரத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று குறை சொன்னவர்களும் உண்டு. கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்து, 1973-இல் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார். அந்தக் குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் லயத்தில் பிறந்தவன் பெயரை நிலப் பட்டாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த வேறொரு காரியத்தை அந்தக் காலத்தில் நான் காணவில்லை.

முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நிலத்தோடு பிறந்தவர் அவர். பதவிக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர் கதை தலைகீழ். தந்தை தேடி வைத்த செல்வத்தில் பெரும்பகுதி பொது வாழ்க்கையில் கரைந்து போயிற்று. நிலம் இல்லாதவனுக்கு நிலம் தேடிக் கொடுக்கப் புறப்பட்டவரின் சொந்த நிலம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் பெண்டு பிள்ளை உள்ளவர் அப்படி வாழ்வதென்றால், அந்த வீட்டாரும் மனம் ஒப்பியிருக்க வேண்டும். அதனால் இந்தத் தொண்டில் அம்மையாருக்கும் பங்கு எழுத வேண்டும்.

1979-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாதபோது, அவர் கண்மூடினார்.

தலைநகரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற கட்டடம் நிற்கிறது. சங்கத்தின் தலைமையகம் அது. மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கி வீட்டுக்குப் போனதும், பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரத்துக்கும் கல்யாணப் புடவைக்கும் அடியில், மடிப்பு மடிப்பாக மஞ்சள் பூத்துப்போன ஒரு பங்குக் காகிதம் இருந்தாலும் இருக்கும்.