கொலராடோ ஆற்றின் உப்பும் கரைசல் சுரங்கமும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் நகருக்கு அருகே, கொலராடோ ஆற்றை ஒட்டிய செம்பாறை நிலத்தில் அடர்நீல நிறத்தில் பாத்திகள் வரிசையாகத் தெரியும். மேலே டெட் ஹார்ஸ் பாயிண்ட் முகட்டில் நின்று பார்ப்பவர்கள் முதலில் அவற்றை ஏரி என்றே எண்ணக்கூடும். அவை பொட்டாஷ் உப்பளங்கள். வெயிலை நன்கு உள்வாங்கி நீர் விரைவில் ஆவியாக வேண்டும் என்பதற்காகக் கலக்கும் சாயமே அந்த நீலம். பாத்தியில் உள்ள கரைசல் கடலிலிருந்து வருவதல்ல. ஆற்று நீரை நிலத்தடி உப்புப் படிவத்துக்குள் செலுத்தி, கரைத்து, மேலே இறைத்தது. இம்முறைக்குக் கரைசல் சுரங்கம் என்று பெயர்.

யூட்டா, கொலராடோ மாநிலங்களின் எல்லையில் பரவியுள்ள இந்த நிலப்பகுதி பாரடாக்ஸ் படுகை எனப்படுகிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் பலமுறை உட்புகுந்து வற்றியது. அதனால் சாதாரண உப்பும் பொட்டாசியம் உப்பும் மாறி மாறிப் படிந்தன. நம் விவசாயிகள் மூட்டையாக வாங்கும் பொட்டாஷ் உரமும் உலகின் பல பகுதிகளில் இத்தகைய பழங்கடல் படிவங்களிலிருந்தே வருகிறது.

மோவாப் அருகே உள்ள கேன் க்ரீக்கில் முதலில் திட்டமிடப்பட்டது ஆட்கள் இறங்கி வெட்டும் சுரங்கம். அதைத் தோண்டிக்கொண்டிருந்தபோதே, 1963 ஆகஸ்ட் 27 அன்று எரிவாயு வெடித்தது. உள்ளே இருந்த 25 பேரில் 18 பேர் இறந்தனர். 1965-இல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் படிவம் மடிந்தும் நெளிந்தும் கிடந்ததால், வெட்டி எடுப்பது கடினமாகவே இருந்தது. 1970-71-இல் நிறுவனம் சுரங்கத்தை ஆற்று நீரால் நிரப்பிக் கரைசல் முறைக்கு மாற்றியது. உயிர்களைக் காக்கும் வகையில் அது நல்ல முடிவு என்பதில் ஐயமில்லை. அன்று கொலராடோ ஆற்றின் உப்புக்கு எண்ணால் வகுத்த வரம்பு எதுவும் இருக்கவில்லை.

வரம்பு வந்தது எல்லைக்கு அப்பால் எழுந்த குரலால். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 185 கோடி கனமீட்டர் கொலராடோ நீர் தரவேண்டும். அந்த நீர் எவ்வளவு உப்பாக இருக்கலாம் என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லவில்லை. 1961-இல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பாசனப் பகுதியின் உவர் வடிகால் நீர் ஆற்றில் விடப்பட்டது. மெக்சிகாலி சமவெளியில் பயிர்கள் பாழாயின. பன்னிரண்டு ஆண்டுகள் பேச்சு நடந்து 1973-இல் உடன்பாடு ஏற்பட்டது. 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு வகுக்கப்பட்ட வரம்பின்படி, இம்பீரியல் அணையில் லிட்டருக்கு 879 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் கரைசல் சுரங்கம் இரண்டு வழியில் இடிக்கிறது. ஒன்று கசிவு, அது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. பாத்தியில் ஆவியாகும் நீர் ஆற்றுக்குத் திரும்புவதில்லை. மேல்பகுதியில் ஒப்பீட்டளவில் நல்ல நீரை எடுத்துவிட்டால், ஒரு துளி கசியாமலேயே கீழ்ப்பகுதியில் உப்பின் செறிவு ஏறும். நீர் அளவையும் உப்பையும் தனித்தனி விண்ணப்பங்களாக வைத்துப் பார்க்கும் அலுவலக வழக்கம் இதை மறைத்துவிடுகிறது என்பதே என் எண்ணம்.

அதே படுகையின் கிழக்கே பாரடாக்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. டொலோரஸ் ஆறு பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே வெட்டிச் செல்வதால் வந்த பெயர் அது. அங்கே நிலத்தடி உவர்நீர் தானாகவே ஆற்றில் ஊறுகிறது. அதன் உப்பு கடல்நீரைவிடப் பல மடங்கு. அரசு அந்த உவர்நீரை ஆற்றை எட்டுமுன் இறைத்து, நான்கு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் பாறைக்குள் செலுத்தியது. 1996 முதல் முழு அளவில் இயங்கிய இக்கிணறு ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் டன் உப்பைத் தடுத்தது. ஆனால் அழுத்தம் கூடியதால் நிலம் அதிர்ந்தது. 2000-இல் 4.3, 2019 மார்ச்சில் 4.5 அளவுள்ள நிலநடுக்கங்கள் பதிவாயின. பணி நிறுத்தப்பட்டது, பின்னர் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கியது. இடையில் ஆவியாக்கும் பாத்திகள் அமைப்பது உள்ளிட்ட மாற்றுகள் ஆராயப்பட்டு, 2020 இறுதியில் அனைத்தும் கைவிடப்பட்டன.

ஒரே பழங்கடல் உப்பை ஓரிடத்தில் ஆற்று நீரால் கரைத்து விற்கிறார்கள். இன்னோரிடத்தில் அது ஆற்றில் கரையாதிருக்கப் பொதுப்பணம் செலவாகிறது. இந்தப் படுகையில் புதிய பொட்டாஷ், லித்தியம் திட்டங்கள் வரும்போதெல்லாம் மக்கள் நீரைப் பற்றியே முதலில் கேட்பது இதனால்தான். லித்தியத்தைப் பிரித்தபின் உவர்நீரை நிலத்தடிக்கே திருப்பி அனுப்புவோம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் இங்கே கைவிடப்பட்ட பழைய எண்ணெய்க் கிணறுகள் ஏராளம். அழுத்தம் மாறினால் உவர்நீர் எந்தத் துளை வழியே மேலேறும் என்பதை முன்கூட்டிச் சொல்வது எளிதல்ல. கிரீன் ரிவர் ஊருக்குத் தெற்கே, கொலராடோவின் கிளையான கிரீன் ஆற்றின் கரையில் கிறிஸ்டல் கெய்சர் என்ற ஊற்று பீறிடுகிறது. 1930-களில் எண்ணெய் தேடித் துளையிட்டு விட்டுப்போன கிணறு அது. கரியமில வாயு தள்ள, அதன் உப்புநீர் இன்றும் ஆற்றில் வடிந்துகொண்டிருக்கிறது.