மொயாமொயா: புகையின் பெயரில் ஒரு நோய்

இன்னைக்கு நாம பார்க்கப்போறது ஜப்பானில் தொடங்கும் ஒரு மருத்துவ வரலாறு.

1957-ல் டகேயுச்சி, ஷிமிசு என்ற இரு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினாங்க. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள்கழுத்துத் தமனி இரண்டு பக்கமும் சரியா வளரலைன்னு அவங்க நினைச்சாங்க. 1969-ல் சென்டாய் நகரின் ஜிரோ சுசுகியும் அகிரா தகாகுவும் வேறு விளக்கம் தந்தாங்க. பெரிய தமனி கொஞ்சம் கொஞ்சமா சுருங்குது. அதை ஈடுகட்ட மூளையின் அடியில் மெல்லிய குழாய்கள் வலைபோலக் கிளம்புது. இதை ஆறு கட்டங்களாப் பிரிச்சாங்க. ஆஞ்சியோகிராமில் அந்த வலை சிகரெட் புகை மாதிரித் தெரிஞ்சது. அதுக்கான ஜப்பானியச் சொல்தான் 'மொயாமொயா'.

இங்கேதான் சிக்கல். பெரியவர்களிடம் இந்த ஒரே நோய் இரண்டு எதிரெதிர் வழிகளில் தாக்கும்.

ஒன்று, அடைப்பு. மூளைக்கு ரத்தம் போதாம ஒரு கை மரத்துப்போகும், வாய் குழறும். சில நிமிடங்களில் சரியாகி, மறுபடியும் வரலாம். இன்னொன்று, ரத்தக்கசிவு. அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கும் அந்த மெல்லிய குழாய் ஒருநாள் வெடிச்சிடும். திடீர் தலைவலி, வாந்தி, நினைவிழப்பு. ரத்தம் பெரும்பாலும் மூளையின் உள்ளறைகள் வரை பாயும். உயிருக்கு அதிக ஆபத்து இதில்தான். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் அடைப்புதான். கசிவு பெரியவர்களிடம்தான் அதிகம். அதிலும் ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் கூடுதல்.

அடைப்புக்கு வழி ஓரளவு தெளிவா இருந்தது. 1967-ல் சூரிச்சில் யாசர்கில் செய்துகாட்டிய பைபாஸ்: நெற்றிப்பொட்டில் துடிக்கிற தமனியை மூளைத் தமனியோடு இணைப்பது. ஆனா ஏற்கெனவே ரத்தம் கசிந்த மூளைக்கு இன்னும் ரத்தத்தை அனுப்பலாமா? ஆபத்துன்னு ஒரு தரப்பு. புதுப் பாதை கிடைச்சா மெல்லிய குழாய்களின் சுமை குறையும்னு இன்னொரு தரப்பு. பல பத்தாண்டு விவாதம் இது.

2001-ல் ஜப்பானில் ஒரு ஆய்வைத் தொடங்கினாங்க. ரத்தக்கசிவு வந்த 80 பெரியவர்கள். ஒரு பகுதியினருக்கு இருபக்கமும் பைபாஸ், மற்றவர்களுக்கு அறுவை இல்லாத சிகிச்சை. முடிவு 2014-ல் வெளியானது. மறுபடியும் கசிவு வந்தது அறுவை செய்தவர்களிடம் ஆண்டுக்கு 2.7 சதவீதம், செய்யாதவர்களிடம் 7.6 சதவீதம். புள்ளியியல் கணக்கில் நூலிழை வெற்றிதான். ஆனா சுமை குறையும்னு சொன்ன தரப்புக்கு முதல் தடவையா ஒரு நிஜமான ஆதாரம் கிடைச்சது.

80 பேர் போதுமான்னு நீங்க கேட்கலாம். அரிய நோய்ங்க இது. அந்த 80 பேரைச் சேர்க்கவே பல ஆண்டுகள் ஆச்சு. என்னைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றில் மறக்கக்கூடாதவங்க அவங்கதான். எந்தச் சிகிச்சை நல்லதுன்னு யாருக்கும் தெரியாத நேரத்தில், ஏற்கெனவே ஒருமுறை பிழைச்ச தங்கள் உயிரை அந்தக் கேள்விக்குக் கொடுத்தாங்க.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.